நகச்சொத்தையும் வெறுங்கால்களும்: புளத்கொகுபிட்டிய மலைகளின் ஒரு சிறு வரலாறு

கால் விரல் நகம் மஞ்சளித்து, தடித்து, விளிம்பிலிருந்து பொடிப்பொடியாக உதிரும் நோயை நம்மவர் நகச்சொத்தை என்பர். உலகெங்கும் இந்நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது ட்ரைக்கோபைற்றன் ருப்ரம் என்னும் பூஞ்சணம். இலங்கைப் பாடநூல்கள் பங்கசு என்றும், தமிழகத்தார் பூஞ்சை என்றும் குறிப்பிடும் உயிரினத்தின் ஒரு வகை இது. இதனைத் தனியோர் இனமாக அடையாளங்கண்டு 1910ஆம் ஆண்டில் எழுதியவர், அக்காலத்தில் கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய வைத்தியர் அல்டோ கஸ்டெலானி. இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மருந்துக்கடையில் நின்று நகப்பூச்சு மருந்து வாங்கும் தமிழர் பலருக்கு, தம் நகத்தில் குடியேறிய பூஞ்சணத்தின் வரலாறு கொழும்பையும் தொட்டுச் செல்கிறது என்பது தெரிந்திராது.

கஸ்டெலானி 1903இல் இலங்கைக்கு வந்தார். கொழும்பில் நுண்ணுயிரியல் ஆய்வு நிலையத்தை நடத்தினார். பறங்கிப்புண் என்று மக்கள் அழைத்த நோயின் கிருமியை 1905இல் கண்டறிந்தார். 1915இல் தீவை விட்டு நீங்கினார். பிற்காலத்தில் முசோலினிக்கு நெருக்கமானவராகி, எதியோப்பியப் போரில் இத்தாலியப் படையின் மருத்துவப் பொறுப்பை ஏற்றது அவருடைய வாழ்வின் இருண்ட பக்கம். தோல் நோயாளருக்கு அவர் பெயரை இன்றும் நினைவூட்டுவது 'கஸ்டெலானி பூச்சு' எனப்படும் செந்நிற மருந்து.

அவர் 1910இல் விவரித்த பூஞ்சணம் நகத்தில் கண்டதன்று. தொடை இடுக்கில் வரும் படையில் கண்டது. வெள்ளையர் அந்நோயை 'டோபி இட்ச்' என்றனர். சலவைத் தொழிலாளியின் கையிலிருந்து தொற்றுகிறது என்பது அவர்களது எண்ணம். குற்றவாளி பூஞ்சணமே என்பது நுண்நோக்கியில் தெளிவான பின்னரும் அந்தப் பெயர் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. உழைப்பவன் மீது நோயின் பழியைச் சுமத்துவது அக்காலத்து வழமை. தோட்டங்களிலும் அதுவே நடந்தது.

கஸ்டெலானி கொழும்பில் நுண்நோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கிழக்கே களனி கங்கையின் வடிநிலத்து மலைகளில் ஆயிரக்கணக்கான தமிழர் வெறுங்காலுடன் நடந்துகொண்டிருந்தனர். கேகாலை மாவட்டத்தின் புளத்கொகுபிட்டியப் பகுதி அவற்றுள் ஒன்று. எட்டியாந்தோட்டைக்கும் அரநாயக்கவுக்கும் அண்மையில், சிங்களக் கிராமங்களும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களும் ஒன்றையொன்று ஊடறுத்துக் கிடக்கும் நிலம் அது. ஊர்ப்பெயரின் முதற்பகுதியான 'புளத்' சிங்களத்தில் வெற்றிலையைக் குறிக்கும். நுவரெலியா, ஹட்டன் என்றால் உலகத் தமிழர் அறிவர். இவ்வூரை அறிந்தோர் சிலரே. 2016 மே 17இல் பெருமழையில் மலை சரிந்து களுபஹன தோட்டத்து மக்களின் உயிர்களைக் குடித்தபோதுதான் இதன் பெயர் வெளியுலகச் செய்திகளில் அடிபட்டது.

மழையே இந்த நிலத்தின் முதல் உண்மை. ஈரவலயத்தைச் சேர்ந்த இம்மலைகளில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. தேயிலைக்கும் இறப்பருக்கும் உகந்த அந்த ஈரம், பூஞ்சணத்துக்கும் உகந்தது. இந்நாட்டுத் தோட்டத்துறையின் வரலாற்றைத் திருப்பியதே ஒரு பூஞ்சணந்தான். 1869இல் கோப்பிச் செடியின் இலைகளில் தோன்றிய துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பிப் பயிரை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தாழ்ந்த மலைகளில் பின்னர் இறப்பர் பரவியது. திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி, இராமநாதபுரம் ஆகிய சீமைகளிலிருந்து கங்காணிமார் கூட்டி வந்த மக்கள் இந்தப் பயிர்களுக்கு உழைத்தனர்.

அவர்கள் வெறுங்காலுடன் உழைத்தமைக்கு வறுமை மட்டும் காரணமன்று. துரைமார் முன்னிலையில் தொழிலாளி செருப்பணிந்து நிற்பதும் குடை பிடிப்பதும் மரியாதைக் குறைவாகக் கருதப்பட்ட காலம் அது. பிரட்டுக்களத்தில் அதிகாலையில் நின்ற கால்கள், மலையேறிக் கொழுந்து பறித்த கால்கள், விடியுமுன் இறப்பர் மரங்களுக்கிடையே ஓடிப் பால் வெட்டிய கால்கள் யாவும் மண்ணைத் தொட்டே நடந்தன.

அந்தக் கால்களுக்கு வந்த துன்பங்களின் பட்டியல் நீளமானது. விரலிடுக்கில் அட்டைக்கடி. ஈரத்தில் ஊறிய சேற்றுப்புண். தேயிலைக் கவ்வாத்தில் நறுக்கிய குச்சி கீறிய காயம். எல்லாவற்றிலும் கொடியது கொக்கிப்புழு. மலங்கலந்த ஈரமண்ணில் பிறக்கும் அதன் குடம்பி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்து, குடலில் தங்கி, இரத்தத்தை உறிஞ்சும். அது புகும் இடத்தில் முதலில் தோன்றுவது கால் அரிப்பு. அதன் பின்னே இரத்தசோகை, வீக்கம், களைப்பு. அந்தக் களைப்பைச் சோம்பல் என்று திட்டித் தீர்த்தவர் பலர்.

அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் 1916இல் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. முதற்களம் மாத்தளை. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் புழு இருந்தது. மருந்து கொடுப்பதோடு மலசலகூடம் கட்டவேண்டும் என்று அந்த இயக்கத்தார் வற்புறுத்தினர். மருந்தை வரவேற்ற தோட்ட நிருவாகங்கள், மலசலகூடச் செலவைக் கேட்டதும் தயங்கின. மருந்தால் இறங்கிய புழு, அதே மண்ணில் நடந்த அதே காலில் மீண்டும் ஏறியது.

நகச்சொத்தை பற்றிய கட்டுரையில் கொக்கிப்புழு ஏன் என்று வாசகர் வினவலாம். அந்த இயக்கத்தின் மருந்துக்கும் நம் அடுக்களைக்கும் ஓர் உறவு உண்டு. தொடக்கத்தில் கொக்கிப்புழுவுக்குக் கொடுக்கப்பட்ட மருந்து தைமோல். அக்காலத்தில் தைமோல் பெருமளவில் எடுக்கப்பட்டது நமது ஓமத்திலிருந்து. இந்தியாவில் விளைந்த ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குச் சென்று, அங்கே தைமோலாகி, உலகச் சந்தைக்கு வந்தது. 1914இல் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது, விலை ஏறியது. ஒழிப்பு இயக்கத்தார் கீனோபோடியம் என்ற வேறொரு செடியின் எண்ணெய்க்கு மாறினர். அளவு தவறினால் உயிரையே பறிக்கும் எண்ணெய் அது. இயற்கையில் விளைந்தது என்பதால் ஒரு மருந்து தீங்கற்றது ஆகிவிடாது என்பதற்குத் தோட்ட வரலாறே சாட்சி.

தைமோலுக்குப் பூஞ்சணத்தை அடக்கும் ஆற்றலும் உண்டு. இன்று வீடுதோறும் இருக்கும் விக்ஸ் களிம்பில் கற்பூரம், யூக்கலிப்டஸ் எண்ணெய் ஆகியவற்றோடு தைமோலும் சிறிதளவு சேர்ந்திருக்கிறது. சளிக்கு வாங்கிய களிம்பைக் கால் நகத்தில் தடவும் வழக்கம் பல நாடுகளில் பரவியமைக்கு இதுவே பின்னணி. 2011இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிற்றாய்வில் 18 பேர் இக்களிம்பை 48 வாரங்கள் பூசினர். ஐவருக்கு முற்றாகக் குணமானது. பதின்மருக்கு ஓரளவு தெளிந்தது. மூவருக்கு மாற்றமே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத மற்றொரு குழு அந்த ஆய்வில் இல்லை. ஆகவே அதனைச் சான்று என்பதைவிட நம்பிக்கைக்கு இடந்தரும் குறிப்பு என்பதே பொருந்தும்.

தோட்டத்தில் மருத்துவ வசதி அறவே இல்லாமலிருந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. 1872இலும் பின்னர் 1912இலும் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கெனக் கட்டளைச் சட்டங்கள் வந்தன. மாவட்ட வைத்தியசாலைகளும் தோட்ட மருந்தகங்களும் எழுந்தன. மருந்தகத்தில் இருந்தவரைத் தோட்டமக்கள் 'டொக்டர் ஐயா' என்றனர். காய்ச்சல், வயிற்றோட்டம், பிரசவம், வெட்டுக்காயம் என்று வருவோரைப் பார்க்கவே அவருக்குப் பொழுது போதாது. நகம் சொத்தையாகிவிட்டது என்று அவரிடம் போக, அன்றைய கூலியை இழக்க யார் துணிவர்? வலியில்லாத நோய், வேலையை நிறுத்தாத நோய், அடுக்களைக்கும் வேலியோரத்துக்கும் விடப்பட்டது.

அவ்வாறு விடப்பட்ட நோய்க்கு மக்கள் கைக்கொண்ட மருந்துகளுள் முதலிடம் மருதாணிக்கு. அரைத்து நகத்தில் அப்பி, இரவு முழுதும் துணியால் கட்டி வைப்பது வழக்கம். மருதாணியின் செந்நிறத்துக்குக் காரணமான லோசோன் என்ற பொருள் நகத்தின் கெரற்றினோடு பிணைந்துகொள்கிறது. அதற்குப் பூஞ்சண எதிர்ப்பாற்றல் இருப்பது ஆய்வுக்கூடச் சோதனைகளில் காணப்பட்டுள்ளது. எனினும் நகத்தின் மேற்பரப்பில் நிற்கும் மருந்து, நகத்துக்கு அடியில் வாழும் பூஞ்சணத்தைச் சென்றடைவது கடினம். போதாக்குறைக்கு, சிவந்த நகத்தில் மஞ்சள் நிறம் மறைந்துபோகும்; நோய் மறைந்தது என்று மனம் மகிழும். ஆனால் மருதாணி வேறொரு வகையில் உதவும். நகத்தின் அடியில் இட்ட சிவப்பு, நகம் வளர வளர மேலேறுவதைக் கவனியுங்கள். கால் பெருவிரலில் அந்தச் சிவப்பு நுனியை அடைந்து வெட்டுப்படுவதற்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். எந்த மருந்தானாலும் சொத்தை நகம் முற்றாக நீங்கிப் புதுநகம் வர அத்தனை காலம் வேண்டும். ஒரு மாதத்தில் குணம் என்று விளம்பரம் செய்வோர் முன் நினைவுகூர வேண்டிய கணக்கு இது.

இரண்டாவது சீமையகத்தி. வண்டுகொல்லி என்றும் பெயர். மஞ்சள் மெழுகுதிரிபோல் பூங்கொத்து நிமிர்ந்து நிற்கும் இச்செடியைச் சிங்களவர் எத்தோர என்பர். இலையை அரைத்துப் படையின்மேல் பூசுவது இரு சமூகத்தாரும் அறிந்த வைத்தியம். இதன் தாயகம் அமெரிக்க வெப்பவலயம் என்பது வியப்பூட்டும். பெயரிலுள்ள 'சீமை' என்ற சொல்லே அது அந்நியச் செடி என்று காட்டிக்கொடுக்கிறது. தொழிலாளரைப் போலவே கடல் கடந்து வந்து இம்மண்ணில் வேரூன்றிய செடி இது. தோலில் வரும் படைக்கு இது பயன்படுவதற்கு மருந்தியல் நியாயம் உண்டு. இதன் இலையில் கிரைசோபானிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது. ஆனால் தோல் வேறு, நகம் வேறு. மென்தோலில் வெற்றி பெறும் மருந்து தடித்த நகத்தில் தோற்பது உலகப் பொது அனுபவம்.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் மூன்றாவது. சேற்றுப்புண்ணுக்கு இந்தக் கலவையைத் தடவாத தமிழ்க் குடும்பம் அரிது. வெள்ளைப்பூண்டு, வெற்றிலைச் சாறு, எலுமிச்சை, தேங்காய் வினாகிரி என்று பட்டியல் மேலும் நீளும். பூண்டிலும் வெற்றிலையிலும் பூஞ்சணத்தை எதிர்க்கும் பொருள்கள் உண்டு. பச்சைப் பூண்டை அரைத்து நெடுநேரம் கட்டிவைத்தால் தோல் தீப்பட்டதுபோல் வெந்துவிடும் என்பதும் வைத்தியர் அறிந்ததே.

வீட்டு மருந்தை ஏளனம் செய்யும் மேல்நாட்டு மருத்துவமும் அதே வேலியோரத்திலிருந்து கிளம்பியதுதான். ஆங்கிலேய வைத்தியர் ஆர்தர் விற்பீல்ட் 1907இல் உருவாக்கிய களிம்பு இன்றுவரை படைக்குப் பயன்படுகிறது. அதிலுள்ள பென்சோயிக் அமிலம் ஆதியில் சாம்பிராணிப் பிசினிலிருந்து எடுக்கப்பட்டது. இன்னொரு பொருளான சலிசிலிக் அமிலத்தின் வரலாறு வில்லோ மரப்பட்டையில் தொடங்குகிறது. வேறுபாடு பொருளில் இல்லை. அளந்து, சோதித்து, தோல்விகளையும் எழுதி வைத்ததில் இருக்கிறது. நம் பாட்டிமாருக்கு மருந்து தெரிந்திருந்தது. எத்தனை பேருக்குப் பலித்தது, எத்தனை பேருக்குப் பலிக்கவில்லை என்று குறித்து வைக்க ஏடும் எழுத்தும் வாய்க்கவில்லை.

இடையில் ஒரு மயக்கத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். நகச்சொத்தைக்கு இணையத்தில் பெரிதும் புகழப்படும் 'டீ ட்ரீ ஒயில்' நமது தேயிலையிலிருந்து வருவதன்று. அது அவுஸ்திரேலியாவில் வளரும் மெலலூக்கா என்ற மரத்தின் எண்ணெய். 1994இல் வெளியான ஆய்வொன்றில் 117 பேர் ஆறு மாதம் இந்த எண்ணெயையோ குளோற்றிமசோல் என்ற மருந்தையோ பூசினர். முடிவில் பூஞ்சணம் நீங்கியது எண்ணெய் பூசியோரில் நூற்றுக்கு 18 பேருக்கும், மருந்து பூசியோரில் 11 பேருக்கும் மட்டுமே. இரண்டும் ஏறத்தாழ ஒன்றே, இரண்டும் போதா என்பதே அதன் சாரம்.

இனி வரலாற்றின் விசித்திரமான திருப்பத்துக்கு வருவோம். கஸ்டெலானி விவரித்த பூஞ்சணம் தென்கிழக்காசியா, வட அவுஸ்திரேலியா, மேற்கு ஆபிரிக்கா ஆகிய பகுதிகளில் நெடுங்காலமாக இருந்தது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அங்கு அது பெரும்பாலும் உடற்படையாகவே வாழ்ந்தது. வெறுங்காலில் வெயிலும் காற்றும் படுவதால் விரலிடுக்கும் நகமும் அதற்கு ஏற்ற இடமாகவில்லை. மூடிய சப்பாத்து அணிந்த குடியேற்ற நாட்டினரும் போர்வீரரும் வந்தபோதுதான் அது காலுக்கு இறங்கியது. சப்பாத்தின் இருட்டும் வியர்வையும் அதற்குப் புதிய வீடாயின. இருபதாம் நூற்றாண்டின் போர்களும் பயணங்களும் அதை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சுமந்து சென்றன. வெறுங்கால் மனிதனின் நோய் கொக்கிப்புழு என்றால், சப்பாத்து மனிதனின் நோய் நகச்சொத்தை.

அந்தச் சப்பாத்துக்கு மூலப்பொருள் தந்தவையும் இம்மலைகளே. பிரேசிலில் சேகரித்த விதைகளிலிருந்து இலண்டனில் முளைத்த இறப்பர்க் கன்றுகள் 1876இல் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் இறப்பர் பெருகியது. செருப்பற்ற கால்களோடு வெட்டிய பால், உறைந்து, தகடாகி, புகையில் உலர்ந்து, உலகின் கால்களுக்குப் பாதணியாகச் சென்றது. நெடுங்காலத்தின் பின் அதே இறப்பர், மலிவான செருப்பாகத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தது. 'பாட்டா' என்ற வணிகப் பெயரே செருப்புக்குப் பொதுப்பெயராகும் அளவுக்கு அது பரவியது. அதற்கும் பின்னர் முழங்கால் வரை மூடும் இறப்பர்ச் சப்பாத்து வந்தது. அட்டைக்கும் பாம்புக்கும் அது அரண். ஆனால் மழைநீர் உள்ளே இறங்கிவிட்டால் மாலைவரை கால் அதிலேயே ஊறும். பூஞ்சணம் காத்திருந்தது இதற்குத்தான்.

ஆகவே, செருப்பே வேண்டாம், வெறுங்காலே நலம் என்று கொள்வது பேதைமை. கொக்கிப்புழு வாங்கிய உயிர்களை அறிந்தவர் அப்படிச் சொல்லார். தோட்டத்தொழிலாளியின் காலுக்கு ஒரு நோயிலிருந்து காப்புக் கிடைத்தபோது மற்றொரு நோய்க்குக் கதவு திறந்தது என்பதே உண்மை. அந்தக் கதவை அடைப்பது கடினமன்று. காலை உலர்த்தவும், ஈரமான சப்பாத்து காயும்வரை மாற்றி அணிய இன்னொரு சோடி பெறவும் முடிந்தால் போதும்.

நவீன மருந்துகளின் நிலையையும் சொல்ல வேண்டும். 1950களின் இறுதியில் கிரிசியோபுல்வின் என்ற உட்கொள்ளும் மருந்து வந்தது. 1990களில் டெர்பினபின் வந்தது. கால் நகத்துக்கு அதைப் பன்னிரண்டு வாரம் உட்கொள்ள வேண்டும். ஈரல் நலத்தைச் சோதித்தே வைத்தியர் தருவர். அதன் ஆய்வுகளிலும் பூஞ்சணம் நீங்கியோர் ஏறத்தாழ நூற்றுக்கு 70 பேர். நகமும் முற்றாகச் சீரானோர் 38 பேர் மட்டுமே. இந்தியாவிலிருந்து பரவிய புதிய வகைப் படைப் பூஞ்சணம் ஒன்று 2020இல் தனி இனமாகப் பெயரிடப்பட்டது. அது பெரும்பாலும் தோலையே தாக்குகிறது. இம்மருந்துக்குப் பல இடங்களில் அடங்க மறுக்கிறது. ஸ்டீரொயிட் கலந்த களிம்புகளை வைத்தியர் சொல்லாமல் வாங்கிப் பூசுவது இத்தகைய படைகளை மேலும் வளர்க்கிறது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் இலங்கையில் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, இன்றியமையாத மருந்துகளே கிடைக்காத நிலையில் நகத்துக்கு மருந்து எங்கே? அடுக்களை வைத்தியம் தோட்டத்தில் இன்னும் வாழ்வது அறியாமையால் அன்று. மாற்று வழி எட்டாமையால்.

வீட்டு மருந்தைக் கைக்கொள்வோருக்கு வரலாறு தரும் அறிவுரைகள் சில. நகம் தடித்ததெல்லாம் பூஞ்சணமன்று. அடிபட்ட நகமும் தோல் நோயுற்ற நகமும் அவ்வாறே தோன்றும். நகத்தைச் சுரண்டிச் சோதித்தால்தான் உறுதியாகும். எந்நேரமும் ஈரத்தில் கை வைப்போருக்கு நகத்தடியில் வீங்கும் நகச்சுற்று வேறு நோய். மருதாணியோ வேப்பெண்ணெயோ பூசுவதில் பெருந்தீங்கு இல்லை. தடித்த நகத்தை ஊறவைத்து அராவி மெலிதாக்கிய பின் பூசினால் மருந்து சற்றேனும் உள்ளிறங்கும். அமிலத்தை மட்டும் நாடக் கூடாது. இறப்பர்ப் பாலை உறைய வைக்கும் போர்மிக் அமிலம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் தோட்டங்களில் இந்த எச்சரிக்கை அவசியமானது. அது தசையையே எரித்துவிடும்.

எல்லாவற்றினும் முக்கியமானது நீரிழிவு. உணர்ச்சி குன்றிய நீரிழிவுக் காலில் தடித்த நகம் பக்கத்து விரலைக் கீறும். பிளேட்டால் நகத்தைக் குடையும்போது காயம் படும். அந்தக் காயம் வலிக்காது. வலிக்காத காயம் அழுகி, விரலையும் சில வேளை காலையும் எடுக்க நேரும். நீரிழிவுள்ள தாய் தந்தையர் தோட்டத்தில் இருந்தாலும், ஸ்காபரோவில் பனிச்சப்பாத்துக்குள் இருந்தாலும், அவர்களின் கால் விரல்களை வாரம் ஒருமுறையாவது பிள்ளைகள் பார்க்க வேண்டும். அத்தகையோருக்கு நகச்சொத்தை அழகுப் பிரச்சினை அன்று. வைத்தியரிடம் காட்ட வேண்டிய நோய்.

1916இல் மருந்தை ஏற்று மலசலகூடத்தை மறுத்த நிருவாகங்கள் ஒரு பாடத்தை விட்டுச் சென்றுள்ளன. மருந்து எவ்வளவு நல்லதாயினும், நோய் பிறக்கும் இடம் மாறாவிட்டால் நோய் திரும்பி வரும். நகச்சொத்தைக்கும் அதுவே விதி. கூலியும் வீடும் பற்றிய கோரிக்கைகளோடு, ஈரக்கால்களுக்கு இரண்டாவது சோடிச் சப்பாத்து வேண்டும் என்பதும் தோட்டத் தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரியாக இடம்பெறலாம். மருதாணிச் செடி வேலியோரத்தில் எப்போதும் இருக்கும்.